வாதாபியைச் சுற்றிச் சரளைப் பாதையில்

பாதாமிக்குப் போகாத ஹூப்ளித் தமிழர்கள் நம்மிடையே மிகவும் குறைவு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஒரு டாக்சியை அமர்த்திக்கொண்டு, காலையில் பாதாமிக் குகைகள், மதியம் பட்டதக்கல், மாலையில் ஐஹொளெ என்று ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறோம். மூன்று இடங்களையும் பார்த்தாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு நடுவில் உள்ள நாட்டைப் பார்த்தோமா? அதைப் பார்க்கும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்து, மீட்டர் கேஜ் காலத்திலிருந்து பிராட் கேஜ் காலம் வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பிரிவில் ஒரு பாடம் உண்டு. ரயில் பெட்டியில் உட்கார்ந்து போகிறவனுக்குத் தண்டவாளம் தெரியாது. தள்ளு டிராலியில் போகிறவனுக்குப் பாதி தெரியும். நடந்து போகிற கேங்மேனுக்குத்தான் முழுவதும் தெரியும். வரலாற்றுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். சைக்கிள் என்பது டிராலிக்கும் நடைக்கும் நடுவில் நிற்கும் வண்டி. நின்று பார்க்க வேண்டிய இடத்தில் உடனே நிற்கலாம். அதே சமயம் ஒரு நாளில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போகவும் செய்யலாம்.

சரளைச் சைக்கிள்

இப்போது கடைகளில் 'கிராவல் பைக்' என்று ஒரு வகை விற்கிறார்கள். பந்தயச் சைக்கிளைப் போல் வளைந்த கைப்பிடி இருக்கும். ஆனால் டயர் அகலமாக, சாதாரணமாக 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருக்கும். டிஸ்க் பிரேக்கும், ஏற்றத்துக்கு உதவும் சிறிய கியர்களும் உண்டு. தார் போடாத சரளைச் சாலையில் நெடுந்தூரம் போவதற்காகவே அமைந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள சரளைச் சாலைகளில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம், இந்த வகைச் சைக்கிள் உலகெங்கும் பரவ ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். நம் தகப்பனார்கள் ஓட்டிய 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் தார்ச்சாலையே அபூர்வம் என்பதால், எல்லாச் சைக்கிளும் சரளைச் சைக்கிளாகத்தான் இருந்தது. அதில் இல்லாதவை கியரும் நல்ல பிரேக்கும்தான். ஆகவே வீட்டில் உள்ள 'ஹைப்ரிட்' சைக்கிளில் 38 மில்லிமீட்டர் டயர் மாட்ட இடம் இருந்தால் இந்தப் பயணத்துக்கு அதுவே போதும்.

முக்கியமான விஷயம் காற்று. தார்ச்சாலைக்கு அடிப்பதுபோல் கல்லாக அடித்தால் சரளையில் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். அந்த அதிர்ச்சி முழுவதும் நம் மணிக்கட்டுக்கு வரும். எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 45 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டால், டயர் சற்று அமுங்கிக் கல்லை விழுங்கிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சரளை வேறு, ரயில்வே ஜல்லி வேறு. எங்கள் ஜல்லி 65 மில்லிமீட்டர் வரை உள்ள, கூர்முனை மழுங்காத உடைகல். அது ஸ்லீப்பரைப் பிடித்து நிறுத்துவதற்காக இருப்பது, சைக்கிளுக்கு அல்ல. தண்டவாளத்தின் ஓரமாகவே போய்விடலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அது அத்துமீறல், தண்டனைக்குரியது. உயிருக்கும் ஆபத்து.

பாதையைப் படிப்பது எப்படி?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். சாலைகள் மட்டுமின்றி வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை, ஓடை, குளம், கிணறு எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். செல்போன் வரைபடத்தில் மறைந்துபோன பல வண்டிப்பாதைகளை இதில் பார்க்கலாம்.

சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் போடப்பட்டிருக்கும். பாதை வெட்டிச் செல்லும் இரண்டு கோடுகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர் இருந்தால், தரையில் அது 400 மீட்டர்; 400 மீட்டரில் 20 மீட்டர் ஏற்றம்; ஆக 20-ல் 1. நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் 10-ல் 1. மும்பைக்கும் புணேக்கும் இடையே போர் காட் மலைப்பாதை 37-ல் 1. அதற்கே ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இன்ஜின்கள் வேண்டும். சைக்கிள் அந்த வகையில் கெட்டிக்காரன். 20-ல் 1 ஏற்றத்தைச் சிறிய கியரில் நிதானமாக ஏறிவிடலாம். 10-ல் 1 வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்தது மண். பாதாமிக் குன்றுகள் சிவந்த மணற்கல். அது உதிர்ந்து விழும் இடங்களில் பாதை செம்மணலாக இருக்கும். கெட்டியான இடத்தில் சுகமாக ஓடும் சக்கரம், மணல் சேர்ந்த இடத்தில் திடீரென்று புதையும். அப்போது பிரேக் பிடிக்காமல், கைப்பிடியை இறுக்காமல், சிறிய கியரில் மிதித்துக்கொண்டே கடக்க வேண்டும். குன்றை விட்டு இறங்கியதும் பல இடங்களில் கரிசல் தொடங்கும். காய்ந்த கரிசல் கான்கிரீட் போல் இருக்கும். மாட்டுவண்டித் தடம் அதில் அச்சு வார்த்ததுபோல் நிற்கும். ஒரு மழை பெய்துவிட்டாலோ அதே மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, ஐம்பது அடி போவதற்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஆகவே ஜூன் முதல் அக்டோபர் வரை கரிசல் பாதையை மறந்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம்.

மூன்றாவது, நாலு கன்னட வார்த்தை. இங்கே ஒற்றையடிப் பாதைக்குக் 'காலு தாரி' என்பார்கள். பழந்தமிழிலும் தாரி என்றால் வழிதான். ஓடைக்கு 'ஹள்ள'. நம் 'பள்ளம்' என்ற சொல்லின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டது, அவ்வளவே. வயலில் வேலை செய்யும் பெரியவர் "ஹள்ளதாக நீர ஐத்ரி" என்று சொன்னால் 'பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறது' என்று நமக்குத் தானாகவே புரியும். அவர் பேச்சைக் கேளுங்கள். செல்போன் வரைபடம் அதைச் சொல்லாது. அவரை 'யஜமான்ரே' என்று மரியாதையாகக் கூப்பிட்டால், வழியோடு குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்.

முதல் நாள்: பாதாமி, மகாகூடம்

ஹூப்ளியிலிருந்து கதக் வழியாகப் பாதாமிக்கு ரயில் உண்டு. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்து, பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டிவிட வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து ஊர் சுமார் 5 கிலோமீட்டர். கால்களைப் பழக்கிக்கொள்ள அந்தத் தூரமே போதும்.

ஊருக்குள் நுழைந்ததும் குகைக்கு ஓடாமல், முதலில் அகத்திய தீர்த்தத்தின் கரையில் நின்று சுற்றிலும் பாருங்கள். இருபுறமும் செங்குத்தான செம்பாறை. நடுவில் மழைநீர் தானாக வந்து சேரும் குளம். பாறை உச்சியில் கோட்டை. முதலாம் புலிகேசி இங்கே கோட்டை கட்டியதைச் சொல்லும் கல்வெட்டின் ஆண்டு சக வருடம் 465, அதாவது கி.பி. 543. ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று எந்தப் புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இன்ஜினீயர் பார்த்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். தண்ணீர், கல், காவல் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மூன்றாம் குகையில் மங்களேசனின் கல்வெட்டு 578-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குளத்துக்கு அகத்தியர் பெயர் வந்தது, வாதாபி, இல்வலன் என்ற அசுரர்களை அவர் அடக்கிய கதையால். அந்தக் கதை நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும்.

பாதாமியிலிருந்து மகாகூடத்துக்குச் சாலை வழியே சுமார் 14 கிலோமீட்டர். குன்றின் மேலாகப் போகும் பழைய காலு தாரி தூரம் குறைவு. ஆனால் பாறைப் படிகளும் உருண்டைக் கற்களும் உள்ள இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியிருக்கும். இளைஞர்களுக்கு அது; மற்றவர்கள் சாலையில் கொஞ்சம், வயலோர மண்பாதையில் கொஞ்சம் என்று போய்ச் சேரலாம். மகாகூடத்தில் ஊற்றுநீர்க் குளம் ஒன்று உண்டு. சுற்றிலும் சிறு சிறு கோயில்கள். வடநாட்டு நாகர பாணி விமானமும் தென்னாட்டு திராவிட பாணி விமானமும் ஒரே வளாகத்தில் அண்ணன் தம்பி போல் நிற்கின்றன. இங்கே இருந்த மங்களேசனின் கல்தூண் இப்போது விஜயபுர அருங்காட்சியகத்தில் உள்ளது.

வெயிலில் மிதித்து வந்து அந்தக் குளத்தின் படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. காரில் வருகிறவனுக்கு இது 'இன்னொரு கோயில்'. வறண்ட குன்றைக் கடந்து வருகிறவனுக்கு இது தண்ணீர். கோயில் இங்கே ஏன் வந்தது என்பதற்கு அதுவே விடை.

இரண்டாம் நாள்: பட்டதக்கல், ஐஹொளெ

பாதாமியிலிருந்து பட்டதக்கல் சுமார் 22 கிலோமீட்டர். அங்கிருந்து ஐஹொளெ சுமார் 13. விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பட்டதக்கல். தார்ச்சாலையின் இருபுறமும் வயல்வழிகள் பிரிந்து கிராமங்களைத் தொட்டுக்கொண்டு மீண்டும் சாலைக்கே வரும். வரைபடத்தைப் பார்த்து அவற்றைக் கோத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் சோளமும் சூரியகாந்தியும் நிற்கும். அறுவடைக் காலத்தில் கதிரைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் சக்கரம் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மரியாதை. வழியில் எந்த வீட்டுத் திண்ணையிலாவது சோள ரொட்டியும் கத்தரிக்காய் எண்ணெக்காயும் கிடைத்தால் விடாதீர்கள்.

பட்டதக்கல் என்றால் பட்டம் கட்டும் கல், அதாவது முடிசூட்டு விழா நடக்கும் இடம். இங்கே மலப்பிரபா ஆறு வடக்கு நோக்கித் திரும்புகிறது. வடக்கு நோக்கி ஓடும் ஆற்றங்கரை புனிதமானது என்பது நம்பிக்கை. ஆனால் அந்த ஆறு சாதுவல்ல. 2019 ஆகஸ்டு வெள்ளத்தில் இந்தக் கோயில் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. சைக்கிளை வேலிக்கு வெளியே பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே விரூபாக்ஷர் கோயிலின் முன் நிற்கும் தமிழர் யாரும் 'இதை எங்கோ பார்த்திருக்கிறோமே' என்று நினைக்காமல் இருக்க முடியாது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் அதில் உண்டு. எப்படி வந்தது? இங்கேதான் நாம் கதையாகப் படித்ததைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த நமக்கு, வாதாபி என்றால் எரிந்த நகரம். 642-ல் முதலாம் நரசிம்மவர்மன் படையெடுத்து வந்து வாதாபியைக் கைப்பற்றியதும், 'வாதாபி கொண்டான்' என்று பெயர் பெற்றதும் உண்மை. பாதாமிப் பாறையில் அவன் கல்வெட்டுச் சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழிக்குப் பழி என்றால் அவன் எரித்திருக்க வேண்டும். அவனோ கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கடவுளுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலேயே இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பியதே விரூபாக்ஷர் கோயில். கட்டிய குண்டன் அநிவாரிதாச்சாரியின் பெயரும், தென்திசைச் சூத்திரதாரி என்று புகழப்படும் சர்வசித்தி ஆச்சாரியின் பெயரும் கல்லில் உள்ளன. ஓவர்சியரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த அரசி வாழ்க என்று எங்கள் துறைக்காரர்கள் சொல்லாமல் இருக்க முடியாது.

காஞ்சிக்கும் பாதாமிக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 550 கிலோமீட்டர். யானையும் வண்டியும் கொண்ட படை நாளுக்கு 15 கிலோமீட்டர் நடந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு இரவும் அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கிக் கடக்கத் துறை வேண்டும். சரளைப் பாதையில் நாற்பது கிலோமீட்டர் மிதித்துக் களைத்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த படையெடுப்பு எவ்வளவு பெரிய காரியம் என்று உடம்புக்குத் தெரியும்.

ஐஹொளெயில் நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள். குன்றின் மேலுள்ள மேகுடி சமணக் கோயிலுக்குச் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஏறுங்கள். அங்கே 634-ல் ரவிகீர்த்தி என்ற கவிஞர் பொறித்த வடமொழிக் கல்வெட்டு உண்டு. தம்மைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமாகச் சொல்லிக்கொள்கிறார். அதனால்தான் காளிதாசன் அதற்கு முந்தியவர் என்று அறிஞர்களால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்தான் புலிகேசி என்றும் அதில் பெருமை பேசப்படுகிறது. எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது!

ஆனால் ஐஹொளெ போருக்காக மட்டும் அறியப்பட்ட ஊர் அல்ல. 'ஐயாவொளெ ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் குழுவின் தாயகம் இது. அந்த ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ளன. சுமத்ராவின் பாருஸ் என்ற இடத்தில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அவர்களுடையதே. குதிரையிலும் கழுதையிலும் எருதிலும் பொதி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் அவர்கள். கோயிலைக் கட்டியவர்கள் மன்னர்கள் என்றால், கோயிலுக்குச் சோறு போட்டது பாதை.

புறப்படுவோர் கவனத்துக்கு

1. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு மாதமாவது வீட்டருகே தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்கள்.

2. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கிராமத்துக்குக் கிராமம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

3. கருவேல முள் இங்கே தாராளம். இரண்டு உபரி டியூப், பஞ்சர் சாமான், சிறிய பம்பு கட்டாயம்.

4. தலைக்கவசம், பின்புறச் சிவப்பு விளக்கு. இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம்.

5. விதைத்த நிலத்தில் சக்கரம் பதிக்கக் கூடாது. கல்வெட்டின் மேல் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுக்கும் வழக்கமும் வேண்டாம்.

6. பாதாமியிலிருந்து ஐஹொளெ போய்த் திரும்பினால் 70 கிலோமீட்டர். முடியாதவர்கள் ஒரு வழி மட்டும் மிதித்து, இரவு ஐஹொளெயில் தங்கி மறுநாள் திரும்பலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோயில்களுக்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. வேலியும் பலகையும் இருக்கின்றன. கோயிலிலிருந்து கோயிலுக்குப் போகும் மண்பாதைக்கு அப்படி யாரும் இல்லை. மாட்டுவண்டி குறையக் குறைய, நடமாட்டம் நின்ற பாதையை முள் மூடிவிடுகிறது. அல்லது பக்கத்து நிலத்தோடு சேர்ந்துவிடுகிறது. தண்டவாளத்தில் ஓட்டம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். துருவும் புல்லும் ஒரே மழைக்காலத்தில் வந்துவிடும். பாதையைக் காப்பாற்றப் பணமோ மனுவோ வேண்டியதில்லை. அதில் ஆள் போய்வந்தால் போதும்.

நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படிக்கிறார்கள். தமிழ் வீட்டில், கன்னடம் தெருவில். இரண்டுக்கும் நடுவில் தாங்கள் யார் என்று அவர்கள் கேட்கும்போது, காஞ்சியின் சாயல் பட்டதக்கல்லில் நிற்பதையும், கன்னடக் கல்வெட்டு காஞ்சியில் நிற்பதையும் காட்டுவதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வரும் டிசம்பர் விடுமுறையில் ஒரு குழுவாகப் போகலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சைக்கிளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. மிதிப்பது உங்கள் பொறுப்பு.